கையெழுத்துப் போடுவதற்கு முன்: பிறந்த வீட்டு நிலத்தில் மகளின் பங்கைக் கேட்டு வாங்குவது எப்படி

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வரிசையாகப் பத்திர எழுத்தர் கடைகள். அதில் ஒன்றில் 1991 முதல் 27 ஆண்டுகள் டைப் அடித்தேன். முதல் பத்து வருஷம் தட்டச்சு இயந்திரம், அப்புறம் கம்ப்யூட்டர். நான் அதிகமாக அடித்தது கிரையப் பத்திரம். அதற்கு அடுத்தபடி விடுதலைப் பத்திரம். அப்பா இறந்து கருமாதி முடிந்த பிறகு அக்கா தங்கைகளைக் கூட்டிவந்து அண்ணன் தம்பி பேருக்கு எழுதி வாங்குவார்களே, அதுதான். "மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை விட்டு விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரியைச் சொல்வேன்.

1998 தை மாதம் என்னுடைய விடுதலைப் பத்திரத்தையும் நானேதான் அடித்தேன். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் ஒரு பட்டுப்புடவையும் தேங்காய் பழமும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "பாப்பா, ஒரு கையெழுத்துதான், கிணத்துக்கு லோன் போடணும்" என்றார். என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், சர்வே நம்பர் எல்லாவற்றையும் நானே தப்பில்லாமல் அடித்து, சாலையைக் கடந்து போய்ப் பதிவு செய்துவிட்டு வந்து, மதியம் வேறொருவரின் கிரையப் பத்திரத்தை அடிக்க உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் விட்டுக்கொடுத்தது 166 சென்ட். அது அப்போது எனக்குத் தெரியாது. கணக்கு போட்டுச் சொல்ல ஆள் இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெண்ணின் பங்கு பெரும்பாலும் கோர்ட்டில் பறிபோவதில்லை. சார்பதிவாளர் மேஜை முன்னால், ஒரு முற்பகலில், அவள் கையெழுத்தாலேயே போகிறது. அந்த முற்பகல் வருவதற்கு முன்னால் ஒரு பெண் என்ன செய்து வைத்திருக்க வேண்டும், வந்த பிறகு என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: நாள் வாங்குவது

கையெழுத்துக்குக் கூப்பிடும்போது எப்போதும் அவசரமாகத்தான் கூப்பிடுவார்கள். "வண்டி வாசல்ல நிக்குது", "இன்னைக்கு விட்டா முகூர்த்தம் இல்ல", "லோன் மேனேஜர் மாறப் போறாரு." துக்கம் ஆறாத நாட்களில் வரும், இல்லையென்றால் குலசாமிக்குப் பொங்கல் வைக்க எல்லோரும் கூடியிருக்கும்போது வரும். அந்த இடத்தில் உரிமை, சட்டம் என்று பேச்சை எடுக்க வேண்டாம். "பத்திரத்தோட நகல் ஒண்ணு குடுங்கண்ணே, படிச்சுட்டு அடுத்த வாரம் வர்றேன்" என்று சொன்னால் போதும். நகல் தர மறுத்தால் அதிலேயே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ கூடவே கூடாது. "பட்டா மாத்தறதுக்கு", "கரண்ட் கனெக்‌ஷன் பேரு மாத்தறதுக்கு" என்று காரணம் சொல்வார்கள். வெள்ளைத்தாளாக இருந்தாலும் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பவர் பத்திரம், அதாவது உங்கள் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், என்று வந்தால் இன்னும் கவனம். விடுதலைப் பத்திரத்தில் என்ன போகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். பவர் கொடுத்தால் எப்போது, யாருக்கு விற்றார்கள் என்பதே பின்னால்தான் தெரியவரும்.

நிலம் எது, யார் பேரில் இருக்கிறது

ஒரு வாரம் கிடைத்துவிட்டதா, சரி. இப்போது சர்வே நம்பர் வேண்டும். வீட்டுப் பீரோவில் இருக்கும் பத்திரத்தைக் கேட்டால் சண்டை வரும் என்று பயமாக இருந்தால் கேட்க வேண்டாம். பழைய நிலவரி ரசீது, கூட்டுறவு வங்கியின் பயிர்க்கடன் பாஸ்புக் என்று ஏதாவது ஒன்றில் சர்வே நம்பர் இருக்கும். பக்கத்துக் காட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும், அவருடைய பத்திரத்தின் நான்கு மால் (நாற்புற எல்லை) விவரத்திலேயே உங்கள் அப்பா பெயர் வந்திருக்கும்.

நம்பர் கையில் இருந்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு என்ற மூன்று நிலப் பதிவுகளையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அடுத்து வில்லங்கச் சான்று. அதைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் போனிலேயே பார்க்கலாம். தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் எடுத்துத் தருவார்கள். என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றிலும் வில்லங்கச் சான்றுதான் முக்கியம். அந்த நிலத்தின் மேல் எந்தத் தேதியில் என்ன பத்திரம் பதிவானது, யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று வரிசையாக வந்துவிடும். உங்களுக்குத் தெரியாமல் அப்பா செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது) எழுதியிருந்தாலும், தம்பிமார் தங்களுக்குள் பாகம் பிரித்துப் பதிந்திருந்தாலும் அதில் தெரியும்.

பட்டாவைப் பார்த்ததும் பலர் மனம் உடைந்து போகிறார்கள். "எல்லாம் அண்ணன் பேர்லதான் இருக்கு, நமக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்துவிடுவார்கள். எழுந்துவிடாதீர்கள். பட்டா என்பது வருவாய்க் கணக்கு. அது மட்டுமே சொத்துரிமை ஆகிவிடாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், நாங்கள் யூ.டி.ஆர். என்று சொல்வது, அன்றைக்கு வீட்டில் இருந்த ஆம்பிளை பெயரை ஏற்றிவிட்டுப் போன கிராமங்கள் நிறைய. பெயர் ஏறியதாலேயே உங்கள் பங்கு கரைந்துவிடாது.

இதனுடனே வாரிசுச் சான்றையும் பார்த்துவிடுங்கள். தாசில்தார் கொடுப்பது. கல்யாணமாகிப் போன மகளும் வாரிசுதான், அவள் பெயரும் வர வேண்டும். உங்கள் பெயரை விட்டுவிட்டு வாங்கியிருந்தால் தாசில்தாருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் ஆட்சேபனை அனுப்புங்கள். தபால் ரசீதையும் வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரமாக வையுங்கள்.

என் பங்கு எவ்வளவு?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் தப்பு செய்தது இங்கேதான்.

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் என்றால் அவர் உயிரோடு இருக்கும்வரை அது அவருடையது. யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம், மகளோ மகனோ தடுக்க முடியாது. உயில், செட்டில்மெண்ட் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள், அப்பாவின் அம்மா இருந்தால் அவர் என்று எல்லோருக்கும் சமபங்கு. இது 1956-லிருந்தே இருக்கிறது. அப்படி இருந்தும் "பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு வந்தது இப்பத்தானே" என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

பூர்வீகச் சொத்துதான் சிக்கல். அதில் பிறப்பாலேயே பங்கு என்பது மகன்களுக்கு மட்டும் இருந்தது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமசொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 வருஷம் ஆனது. 25-3-1989 முதல் மகளுக்கும் பிறப்புரிமை வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு இல்லை என்று அதிலேயே ஒரு கோடு போட்டுவிட்டார்கள். 9-9-2005-இல் மத்திய அரசின் திருத்தம் வந்து அந்தக் கோட்டை அழித்தது. அதன் பிறகும் அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்று 15 வருஷம் வழக்காடினார்கள். 11-8-2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். நான்கு ஏக்கர், அதாவது 400 சென்ட். தாத்தா 1952-இல் இறந்து அப்பாவுக்கு வந்த பூர்வீகம். அம்மா, அக்கா, அண்ணன், நான். அக்காவுக்கு 1986-இல் கல்யாணம், எனக்கு 1990-இல். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு 1998-இல் இரண்டு விதமான சட்டம். நான் 1989 கோட்டுக்கு இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். அன்றைய கணக்குப்படி அப்பா, அண்ணன், நான் மூன்று பேருக்கும் தலைக்கு 133 சென்ட். அப்பாவின் 133 சென்ட் நாலாகப் பிரிந்து அம்மா, அண்ணன், அக்கா, நான் ஆளுக்கு 33. ஆக எனக்கு 166, அக்காவுக்கு வெறும் 33. 2005 திருத்தத்துக்குப் பிறகு அக்காவையும் சேர்த்து நான்கு பங்கு, தலைக்கு 100. அப்பாவின் 100 நாலாகப் பிரிந்து ஆளுக்கு 25. அக்காவுக்கு 125 சென்ட். 33 எங்கே, 125 எங்கே! உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதே நிலம் அப்பா வாங்கியதாக இருந்திருந்தால் எங்கள் நால்வருக்கும் தலைக்கு 100 சென்ட், அவ்வளவுதான் கணக்கு.

இரண்டு எச்சரிக்கை. 20-12-2004-க்கு முன்னால் பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் தீர்ப்பு மூலமாகவோ பாகம் பிரிந்துவிட்டால், 2005 சட்டத்தைக் காட்டி அதைக் கலைக்க முடியாது. "வாய்மொழியா பிரிச்சாச்சு" என்பது அப்படி இல்லை. அதற்கு அசைக்க முடியாத அரசு ஆவணச் சான்று இருந்தால் ஒழிய ஏற்கக்கூடாது என்று அதே 2020 தீர்ப்பு சொல்கிறது. இரண்டாவது, தாத்தா 1956-க்குப் பிறகு இறந்து, அது அவர் சொந்தமாகச் சம்பாதித்த நிலமாக இருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச்சொத்தாகவே கருதப்படும். ஊரில் எல்லாவற்றையும் "பூர்வீகம்" என்றுதான் சொல்வார்கள். தாத்தாவின் இறப்புத் தேதியும் அவருக்கு அந்த நிலம் வந்த வழியும் தெரிந்தால்தான் வக்கீலே சரியாகச் சொல்ல முடியும்.

இதுவரை சொன்னது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. பழைய திருவிதாங்கூர் பகுதியில் மகளுக்கு மிகக் குறைவாகக் கொடுத்துவந்த சட்டம் செல்லாது என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இஸ்லாமியக் குடும்பத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. விவசாய நிலத்துக்கும் அதுதான், சென்னை மாகாணத்தில் 1949-லிருந்தே. "வீட்டுலதான் பங்கு, காட்டுல கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது

எனக்குத் தெரிந்து இதுதான் மிகக் கஷ்டமான கட்டம். சட்டத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. பங்கைக் கேட்டால் பிறந்த வீடு அற்றுப்போகுமோ என்ற பயம் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது. நாளைக்குப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் யார் செய்வார்கள், மாமியார் வீட்டில் ஒன்று என்றால் ராத்திரியில் எந்த வாசலில் போய் நிற்பது? இந்தப் பயம் நியாயமானது. எனக்கும் இருந்தது.

ஆனால் ராத்திரியில் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்பதற்காகத்தானே சொந்தமாக ஒரு பிடி மண் வேண்டும் என்கிறோம். திருவனந்தபுரம் பகுதியில் பொருளாதார அறிஞர் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் நடத்திய ஆய்வில், நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் உள்ளவர்களில் அது 18 சதவீதம், வீடு உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7. இதைப் படித்த அன்று எங்கள் கடைத் திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுப் போன முகங்கள் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன.

"நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே" என்பது கட்டாயம் வரும். கல்யாணத்துக்குச் செய்தது செய்ததுதான், அதை வைத்துப் பங்கைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. இதைக் கோபமாகச் சொல்ல வேண்டாம், ஆனால் சொல்லிவிடுங்கள். பேசப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். அண்ணன் மதிக்கிற ஒரு பெரியவர், சித்தப்பாவோ ஊர் வாத்தியாரோ, கூட இருக்கட்டும். என்ன வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். நிலமாகவே வேண்டுமா, பங்குக்கான பணம் போதுமா, அல்லது நிலம் உங்கள் பேருக்கு வந்துவிட்டு அண்ணனே உழுதுகொள்ளட்டுமா? மூன்றாவது வழியை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. குத்தகை என்று எழுதி வைத்துக்கொண்டால் அண்ணனுக்கும் காடு போகாது, உங்களுக்கும் வருஷா வருஷம் ஏதாவது வரும்.

பணம்தான் என்றால் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்துப் பேசாதீர்கள். அது பெரும்பாலும் சந்தை விலைக்குக் கீழே இருக்கும். பக்கத்துக் காடு கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று கேட்டுவிட்டுப் போங்கள். பக்கத்து சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று போட்டால் கிரையத் தொகையும் ஓரளவு தெரியும். பணம் வங்கிக் கணக்கில் வந்த பிறகுதான் கையெழுத்து. வந்த தொகையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மனசாரவே விட்டுக்கொடுக்கிறீர்களா? தாராளமாகக் கொடுங்கள். மாற்றுத்திறனாளித் தம்பிக்குத் தன் பங்கை முழுசாக எழுதிக் கொடுத்த ஒரு அக்காவின் பத்திரத்தை நான் அடித்திருக்கிறேன். அவருக்குத் தன் பங்கு எத்தனை சென்ட் என்று தெரிந்திருந்தது. தெரிந்து கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சார்பதிவாளர் முன்னால்

மேலே சொன்ன எதையும் செய்ய முடியாமல், அழுதுகொண்டே வண்டியில் ஏறி வந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நிலத்தின் மேலுள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவானால்தான் செல்லும். பதியும்போது எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா என்று சார்பதிவாளர் உங்களிடம் கேட்க வேண்டும். இல்லை என்று நீங்கள் சொன்னால் அவர் பதிய முடியாது.

27 வருஷத்தில் அந்த மேஜை முன்னால் "இல்லை" என்று சொன்ன இரண்டே இரண்டு பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் முருங்கைக் காட்டில் கூலிக்குப் போகிறவர், படிக்கத் தெரியாது. பெருவிரலில் மை தடவிய பிறகு, "ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா படிச்சுக் காட்டுங்க" என்றார். தம்பிமார் இருவரும் சத்தம் போட்டார்கள். சார்பதிவாளர் அவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, முழுப் பத்திரத்தையும் வாசித்துக் காட்டினார். "யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்ற இடம் வந்ததும் அந்த அம்மா கையைப் பின்னால் இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எனக்கு இது வேண்டாங்க" என்றார், அவ்வளவுதான். சாட்சிக் கையெழுத்துக்காகக் கூடப் போயிருந்த நான் வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது 2003. அதற்கு ஐந்து வருஷம் முன்னால் அதே மேஜையில்தான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட வந்தவர்கள் இல்லாமல் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டால்

ஏமாற்றி, மிரட்டி, வேறு ஏதோ காகிதம் என்று சொல்லி வாங்கியிருந்தால் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் போட வேண்டும். ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். என் கதையில் ஏமாற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. நானே அடித்த பத்திரம், என் கையெழுத்து. அதனால் என் 166 சென்ட் போனது போனதுதான்.

அக்காவின் கதை வேறு. 1998-இல் அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தாள். லீவு கிடைக்கவில்லை, கையெழுத்துக்கு வரவில்லை. "அவளுக்குத்தான் பங்கே கிடையாதே" என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கும் அவளுக்கு 33 சென்ட் இருந்தது, அது யாருக்கும் தெரியவில்லை. 2020 தீர்ப்பு வந்த பிறகு நான்தான் அவளுக்குப் போன் போட்டேன். "தம்பிகிட்ட எப்படிக் கேக்கறது" என்று ஆறு மாசம் தயங்கினாள். கடைசியில் பங்கு கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் வரவில்லை.

பிறகு போனது வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கேட்கமாட்டார்கள், சொத்து இருந்தாலும் பரவாயில்லை. வக்கீல் கட்டணத்தோடு கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நாலு கட்டடம் தள்ளி வேலை பார்த்த எனக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியாது. அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

குழுவிலிருந்து அண்ணனுக்குக் கடிதம் போனது. மூன்று அமர்வு நடந்தது. முதல் அமர்வில் அண்ணன் என்னைப் பார்த்துக்கூட பேசவில்லை. இரண்டாவதில் அக்காவுக்குப் போட்ட 15 பவுனைச் சொன்னார். மூன்றாவதில் குழுவின் வக்கீலம்மா கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தார். அண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கிணறு என் பக்கம் இருக்கட்டும்" என்றார். அக்கா சரி என்றாள். 2021 கடைசியில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது: அண்ணனுக்கு 250 சென்ட், அக்காவுக்கு 125, அம்மாவுக்கு 25.

சமரசம் படியவில்லை என்றால் பாக வழக்குதான். காலம் பிடிக்கும், அதை மறைக்கமாட்டேன். வழக்குப் போட்ட உடனே சொத்தை விற்கக்கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கு நடக்கும்போதே விற்றாலும் வாங்குகிறவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். பட்டா மாற்றத்துக்கு மனுப் போனால் வழக்கு எண்ணைச் சொல்லித் தாசில்தாரிடம் ஆட்சேபனை கொடுங்கள். "உனக்குப் பங்கு இல்லை" என்று வெளிப்படையாக ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு 12 வருஷம் சும்மா இருந்துவிட்டால் உரிமையே கேள்விக்குள்ளாகும்.

அண்ணன் எங்களோடு இரண்டு வருஷம் பேசவில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்து சீர் செய்தார், சாப்பிட்டார், போனார். முன்போல இல்லை. முன்போல ஆகும் என்று உங்களுக்கு நான் வாக்கு கொடுக்க முடியாது.

பத்திரம் வந்த பிறகு

பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க வேண்டும். பட்டா இல்லாவிட்டால் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் வாங்குவதும், விவசாயிகளுக்கான அரசு உதவிகளைப் பெறுவதும் பெரும்பாடு. களை எடுப்பதும் நாற்று நடுவதும் பெண்கள்தான். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் கையிலிருக்கும் சாகுபடி நிலக் கைப்பற்றுகள் நூற்றுக்குச் சுமார் 14 மட்டுமே. அக்கா இப்போது அந்தக் கணக்கில் ஒருத்தி. திருப்பூர் வேலையை விட்டுவிட்டு மக்காச்சோளம் போட்டிருக்கிறாள்.

அம்மா தன் 25 சென்ட்டை 2022-இல் எனக்கு செட்டில்மெண்ட் எழுதினார். ஒரு பெண்ணுக்குப் பங்காக வந்தது முழுக்க அவளுடையதுதான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. 82 வயசில் ஆட்டோவில் வந்து இறங்கி, சார்பதிவாளர் கேட்பதற்கு முன்னாலேயே "சம்மதங்க" என்று சொன்னார். அந்தப் பத்திரத்தை அடித்ததும் நான்தான். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் அதற்காக மட்டும் கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

தனிப்பட்டா கையில் வந்ததும் முதலில் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பத்திரத்திலும் ஆதாரிலும் இருப்பதும் பட்டாவில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு இனிஷியலைத் தப்பாக ஏற்றிவிட்டார்கள், அதைத் திருத்த மூன்று நடை நடந்தேன். அப்புறம் சர்வே நம்பர், உட்பிரிவு எண், பரப்பு. எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பசலிக்கான (வருவாய்க் கணக்கு ஆண்டுக்கான) நிலவரியை உங்கள் பேரில் கட்டி, ரசீதை வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.